கூப்பிடாத சாமான்

"இது கூப்பிடுமா?" என்று கேட்டாள் இராக்கம்மா.

பதுளை பஜாரில் அந்தக் கடையின் கண்ணாடி மேசைக்குப் பின்னால் நின்ற றஷீனாவுக்குக் கேள்வி விளங்கவில்லை. போன் வாங்க வருகிறவர்கள் விலை கேட்பார்கள், டோர்ச் லைட் இருக்கிறதா என்று கேட்பார்கள். கூப்பிடுமா என்று கேட்டவரை அவள் கண்டதில்லை. அதுவும் இராக்கம்மா கையில் எடுத்திருந்தது போனே இல்லை. போன்களுக்குப் பக்கத்தில் கிடந்த, ஒரு விரல் நீளமுள்ள பாட்டுக் கேட்கிற சாமான் அது.

"இல்லம்மா. இது பாட்டு மட்டுந்தான் படிக்கும். கழுத்துல மாட்டிக்கிட்டு காதுல வச்சுக் கேக்கலாம்."

"யாரும் இதுக்குள்ள வந்து பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்களே?"

"எப்பிடிம்மா கூப்பிடுவாங்க?" றஷீனா சிரித்துவிட்டாள்.

"அப்ப எனக்கு இது போதும்."

பக்கத்தில் நின்ற மகள் தனலெட்சுமிக்கு முகம் கறுத்துப்போனது. கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறவள் அவள். தீபாவளிக்கு ஐந்து நாள் லீவில் வந்து, அதில் ஒரு நாளைச் செலவழித்து, அம்மாவுக்கு ஒரு போன் வாங்கிக் கொடுப்பதற்காகவே பதுளைக்குக் கூட்டி வந்திருந்தாள். அம்மாவோ பிடித்த பிடியை விடவில்லை. றஷீனா நாற்பது பாட்டுகளை ஏற்றி, பட்டரி போட்டுக் கொடுத்தாள்.

திரும்பும் பஸ்ஸில் லுணுகலை வரும்வரை மகள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்குகிறபோதுதான் வாய் திறந்தாள்.

"நாளைக்கு நான் செத்துக் கெடந்தாக்கூட ஒனக்கு எப்பிடித் தெரியும்? அந்த சாமான் பாட்டுப் படிச்சுச் சொல்லுமா?"

இராக்கம்மா சாமானை முந்தானையில் முடிந்துகொண்டாள். மகளுக்கும் காரணம் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். ஆறு வருசமாக இருவரும் அதைப் பேசாமல் சுற்றிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

காரணம் இதுதான். அவர்கள் இருக்கிற தேயிலைத் தோட்டத்தின் பெரியகல் டிவிசனில் மலையில் மூடுபனி இறங்கிவிட்டால் ஒரு வழக்கம் உண்டு. யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே குரல் கொடுக்கக் கூடாது. மூன்று தடவை கூப்பிட்டால்தான் மனுசன். பனிக்குள் இருக்கிற 'அது' இரண்டோடு நிறுத்திவிடும். கொழுந்து பறிக்கப் பழகுவதற்கு முன்பே பெண்கள் இதைப் பழகிவிடுவார்கள். கங்காணிகூடப் பனி நாளில் ஒருத்தியைக் கூப்பிட வேண்டுமென்றால் மூன்று தடவை தொண்டை கிழியக் கத்துவார். அவருக்கு அதில் எரிச்சல்தான். ஆனால் கத்தாவிட்டால் ஒருத்தியும் திரும்ப மாட்டாள்.

ஆறு வருசத்துக்கு முந்திய ஒரு மார்கழியில், ஏழாம் நம்பர் மலையில் இராக்கம்மா கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். கீழே மழைத் தண்ணீர் வடிய கான் வெட்டப் போயிருந்தார் அவள் புருசன் வீரய்யா. பனி இறங்கி அடுத்த செடி தெரியாமல் போனது. பள்ளத்துப் பக்கமிருந்து குரல் வந்தது.

"ராக்கு!"

அவள் கொழுந்தைப் பிடித்த கையோடு நின்றாள். பக்கத்து நிரைகளில் நின்ற பெண்களும் அசையவில்லை.

"ஏ ராக்கு!"

மூன்றாவது தடவைக்காக அவள் வாயை இறுக மூடிக்கொண்டு காத்திருந்தாள். அது வரவே இல்லை. பனி விலகிய பிறகு பள்ளத்துப் பாறையடியில் வீரய்யாவின் உடலைக் கண்டெடுத்தார்கள். தூக்கியவர்கள், உடம்பில் இன்னும் சூடு இருந்தது என்று தெரியாத்தனமாக அவள் காதில் விழும்படி சொல்லிவிட்டார்கள். அந்த ஒரு வார்த்தை போதாதா? கூப்பிட்டது அவர்தான், தான் பதில் கொடுத்திருந்தால் ஆட்கள் இறங்கி ஓடியிருப்பார்கள், அவர் பிழைத்திருப்பார் என்று அவள் தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக்கொண்டாள். வழக்கப்படிதானே இருந்தாய் என்று ஊரே சொன்னது. அது அவளுக்கு ஏறவில்லை.

அன்றிலிருந்து அவள் காதுக்கு ஓய்வே கிடையாது. பனி விழுந்தால் கை கொழுந்தைக் கிள்ளும், காது பள்ளத்தில் கிடக்கும். அந்தக் காதை அடைக்கத்தான் அவளுக்கு ஒரு சாமான் தேவைப்பட்டது. போன் கூப்பிடும். கூப்பிட்டால் பதில் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்ட ஒரு பதிலையே அவளால் தூக்கிச் சுமக்க முடியவில்லை.

முதல் மூன்று வாரம் நன்றாகத்தான் போனது.

"ராக்கம்மா டொக்டரம்மா மாதிரி கொழாய காதுல மாட்டிக்கிட்டுத் திரியுது" என்று மலையே சிரித்தது. இராக்கம்மாவும் சிரித்தாள். பனி விழுந்தபோது பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு, பள்ளம் என்று ஒன்று இருப்பதையே மறந்து கொழுந்து எடுத்தாள். தராசடியில் அவள் கூடைதான் கனத்தது.

நாலாவது வாரம், ஒன்பதாவது பாட்டு முடிந்து பத்தாவது தொடங்குவதற்கு முன் இருந்த சின்ன இடைவெளியில், அது கேட்டது.

"ராக்கு!"

ஒரு பிடி கொழுந்து கிள்ளுகிற நேரம்.

"ஏ ராக்கு!"

பிறகு பத்தாவது பாட்டு தொடங்கிவிட்டது.

அவள் நிரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து நிரை விஜயலெட்சுமியைக் கூப்பிட்டு, ஒன்பதாவது பாட்டின் கடைசியிலிருந்து கேட்கச் சொன்னாள். அவள் கண்ணை மூடிக் கேட்டாள்.

"நல்ல பாட்டுக்கா. இன்னொருக்கா போடேன்" என்றாள்.

மறுநாளும் கேட்டது, அதற்கு மறுநாளும். எப்போதும் அதே இடத்தில், எப்போதும் இரண்டே தடவை. வேறொருத்தியாக இருந்தால் சாமானைத் தூக்கி ஆற்றில் எறிந்திருப்பாள். இராக்கம்மா எறியவில்லை. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவளுக்குச் சந்தோசமாக இருந்தது. ஆறு வருசமாகக் கேட்காத குரல். பீடி குடித்துக் கரகரத்த அதே குரல். கூப்பிடாத சாமான் வேண்டுமென்று அடம்பிடித்து வாங்கியவள், இப்போது விடிந்தவுடன் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போகும் வழியிலேயே ஒன்பதாவது பாட்டு எப்போது முடியும் என்று காத்திருந்தாள்.

மூன்றாவது தடவை மட்டும் வரவில்லை. சாப்பாடு குறைந்தது. யாரிடமும் பேச்சுக் குறைந்தது. கங்காணியிடம் கேட்டுப் பள்ளத்தோரத்து நிரையை வாங்கிக்கொண்டாள். அந்த நிரைக்கு வேறு யாரும் போட்டிக்கு வரவில்லை.

"இன்னும் ஒரே ஒரு தடவ கூப்பிடு சாமி. ஓடி வந்துர்றேன்" என்று செடிகளுக்குச் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டாள்.

தைப்பொங்கலுக்கு முதல் நாள் பகல் மூன்று மணி இருக்கும். நாளைக்குப் பொங்கல் என்பதால் பெண்கள் கொழுந்து நிறுக்க நேரத்தோடு கிளம்பிவிட்டார்கள். இராக்கம்மா மட்டும் பின்தங்கினாள். பனி மேலே ஏறி வந்து நிரையை மூடியது. ஒன்பதாவது பாட்டு பாதியில் இழுத்து இழுத்து நின்றுவிட்டது. எடுத்துப் பார்த்தாள். சாமானின் சின்ன வெளிச்சம் அணைந்திருந்தது. பட்டரி தீர்ந்துவிட்டது.

காதிலிருந்து குழாயை எடுக்கக் கையைக் கொண்டுபோனபோது கேட்டது.

"ராக்கு!"

செத்த பட்டரியில் பாட்டு வராது. குரல் வந்தது.

"ஏ ராக்கு!"

மூன்றாவதற்காக அவள் காது கொடுத்தாள். ஒன்றும் வரவில்லை. கால் தானாக ஓரத்துக்கு ஓர் அடி வைத்தது. எதற்காக இன்னும் எண்ணுகிறேன், எண்ணித்தானே அவரைப் பறிகொடுத்தேன் என்று அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. பதில் சொல்ல வாயைத் திறந்தேவிட்டாள்.

அப்போது கீழே பள்ளத்துக்குள் மணி அடித்தது.

பழைய காலத்து போன் மணி. ஒன்று. இரண்டு. இராக்கம்மாவின் வாய் மூடிக்கொண்டது. மூன்று. நான்கு. ஐந்து. எட்டு வரை அடித்து நின்றது. உடனே மறுபடி அடிக்கத் தொடங்கியது. அது மகளுடைய போன். தீபாவளிக்கு வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில் அது திடீரென்று அடித்தபோது இராக்கம்மா தேத்தண்ணிக் கோப்பையைத் தவறவிட்டிருந்தாள். ஏழாம் நம்பர் மலையில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் பள்ளத்துப் பக்கத்து இந்த வளைவுதான். இரண்டோடு நிற்காமல் அடிக்கிறது என்றால், அதைக் கூப்பிடுகிறது எங்கோ இருக்கிற மனுசர்தான்.

காதிலிருந்ததைப் பிடுங்கிக் கழுத்தில் தொங்கவிட்டாள்.

"தனம்!" என்று கத்தினாள். பதில் இல்லை. "தனம்!" பனி அப்படியே நின்றது. "ஏ தனம்!"

மூன்றாவது தடவைக்குப் பிறகுதான் கீழேயிருந்து பதில் வந்தது.

"அம்மா..."

எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. செடியைப் பிடித்து, வேரைப் பிடித்து, உட்கார்ந்து சறுக்கி இறங்கினாள். பாறைக்கு மேலே ஒரு கொய்யா மரத்தடியில் தனலெட்சுமி சிக்கிக் கிடந்தாள். வலது கால் திரும்பி இருந்தது. இரண்டு முழம் தள்ளியிருந்தால் பாறையடிதான். கைக்கெட்டாத இடத்தில் புல்லுக்குள் போன் கிடந்தது. கொழும்பில் அவளோடு அறையில் இருக்கும் ஸைனப், வீடு போய்ச் சேர்ந்தாளா என்று கேட்பதற்காக விடாமல் அடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி இந்தப் பக்கம் வந்த?"

"பொங்கலுக்கு வர்றேன்னு ஒனக்கு சொல்ல போன் இருக்கா என்னா? குறுக்குப் பாதையில வந்தேன்." மகளின் பற்கள் கிடுகிடுத்தன. "அப்பா கூப்பிட்டாரும்மா. தனம்னு. ஒரே தடவதான். நான் என்னாப்பான்னு திரும்புனேன். கால வச்ச எடத்துல பாதை இல்ல."

ஆறு வருசமாக ஒரே கேள்வியைத்தான் இராக்கம்மா கேட்டுக்கொண்டிருந்தாள்: நான் ஏன் பதில் சொல்லவில்லை? இன்றைக்குத்தான் இன்னொரு கேள்வி வந்தது. அன்றைக்கு வீரய்யாவை யார் கூப்பிட்டார்கள்? யாருடைய குரலில்?

யோசிக்க நேரமில்லை. கூடையைக் கவிழ்த்து அத்தனை கொழுந்தையும் கொட்டினாள். கூடைக் கயிற்றை அவிழ்த்து மகளை முதுகோடு சேர்த்துக் கட்டினாள். ஒரு கையால் மகளின் தொடையை இறுக்கிப் பிடித்து, மறு கையால் செடிகளைப் பற்றி ஏறத் தொடங்கினாள். முப்பது வருசம் கூடை சுமந்த முதுகு அது, மகளையும் தாங்கியது.

பாதி தூரம் ஏறியிருப்பாள்.

"ராக்கு."

அந்தக் குரலில் இப்போது கத்தல் இல்லை. வேலை முடிந்து வந்து, இஸ்தோப்பில் கால் நீட்டி உட்கார்ந்து, தேத்தண்ணி கேட்கும்போது கூப்பிடுவாரே, அப்படி. நெஞ்சில் தொங்கிய சாமானிலிருந்து வந்ததா, முதுகுக்குப் பின்னால் பள்ளத்திலிருந்து வந்ததா, அவளால் சொல்ல முடியவில்லை.

அது மூன்றாவது தடவை.

தோட்டத்து வழக்கப்படி அது மனுசக் குரல். பதில் சொல்லியே ஆக வேண்டிய குரல். இதற்காகத்தானே அவள் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தாள். தொண்டை வரை வந்துவிட்டது, என்னாங்க என்ற அந்த ஒரு சொல். அவள் கழுத்தைச் சுற்றியிருந்த மகளின் கைகளும் இறுகின. முதுகில் அந்தப் பெண் மூச்சு இழுப்பது தெரிந்தது. அவளுக்கும் கேட்டிருக்கிறது.

"வாயத் தொறக்காத புள்ள" என்றாள் இராக்கம்மா. "திரும்பாத. என் தலமுடியப் பாத்துக்கிட்டே வா."

கண்ணீர் வழிந்து வாய்க்குள் போனது. துடைக்கக் கையில்லை. அடுத்த செடியைப் பிடித்தாள், ஏறினாள். அதற்கடுத்த செடியைப் பிடித்தாள். பின்னால் நாலாவது தடவை யாரும் கூப்பிடவில்லை.

மேலே பாதையில் ஆட்கள் வந்து மகளை இறக்கியபோது இராக்கம்மாவின் கழுத்தில் சாமான் தொங்கிய கயிறு மட்டும் கிடந்தது. சாமானைக் காணவில்லை. தேடிப் போக யாரும் முன்வரவில்லை, அவளும் போகச் சொல்லவில்லை.

தனலெட்சுமி பதுளை ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்தாள். காலுக்கு மாவுக்கட்டு. ஆறாம் நாள் பகல், பக்கத்துக் கட்டில்காரி தூங்கிய பிறகு, அவள் மெதுவாகக் கேட்டாள்.

"அம்மா. கடைசியாக் கூப்பிட்டது அப்பாதானே?"

இராக்கம்மா தோடம்பழத்தை உரித்துக்கொண்டிருந்தாள். உரித்து முடித்து, சுளையை மகள் கையில் வைத்தாள்.

"அவருதான்."

"அப்ப ஒரு பதில் சொல்லியிருக்கலாமேம்மா."

"எப்பிடிச் சொல்றது?" என்றாள் இராக்கம்மா. "ஒரு கையில நீ இருந்த. மறு கையில செடி இருந்துச்சு."

பதில் சொல்ல வாய்தான் வேண்டும், கை வேண்டாம் என்று மகள் சொல்லவில்லை. சுளையை வாயில் போட்டுக்கொண்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கட்டிலோரம் கிடந்த போன் மணி அடித்தது. தனலெட்சுமி எட்டி எடுக்கப் போனாள். இராக்கம்மா அவள் கையைத் தடுத்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று உதட்டுக்குள் எண்ணினாள். நான்காவது மணிக்கு அவளே எடுத்து, பச்சைப் பொத்தான் எது என்று மகளிடம் கேட்டு அமுக்கி, காதில் வைத்தாள்.

"சொல்லுங்க" என்றாள்.