ஜன்னல் வராத நாடகம்

நாடகக் குழுவில் எல்லோரும் அவரை ‘இடி’ என்றுதான் கூப்பிடுவார்கள். மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை கேட்கும் குரல். அவர் வசனம் மறந்தார் என்ற பேச்சே கிடையாது. மேடையில் அவருக்கு மகளாக நடிப்பவள் அவருடைய தம்பி மகள். மேடையில் அப்பா என்பாள், இறங்கினால் பெரியப்பா.

அன்று மேடைச் சாமான்களை ஏற்றி வந்த லாரி பாதி வழியில் படுத்துவிட்டது. சுவரும் வரவில்லை, கதவும் ஜன்னலும் வரவில்லை. அரங்கமோ நிரம்பி வழிந்தது.

“ரெண்டு நாற்காலி போதும்பா. வசனம் நம்ம வாயிலதானே இருக்கு?” என்றார் இடி. இயக்குநர் கையைப் பிசைந்துகொண்டே தலையாட்டினார்.

முதல் பாதி தேவலை. இரண்டாம் பாதியில், செத்துப்போனதாகச் சொல்லி வளர்த்த தாய் உயிரோடுதான் இருக்கிறாள் என்று அப்பா மகளிடம் ஒப்புக்கொள்ளும் காட்சி. இடி எழுந்தார். வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை.

அழுகையை அடக்குகிறார் என்று நினைத்து சபை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. எதிரே நின்ற தம்பி மகள் மட்டும் அவர் கண்ணில் தெரிந்த கலவரத்தைப் பார்த்துவிட்டாள். உதடு அசையாமல் முதல் வரியை எடுத்துக்கொடுத்தாள். கிளிப்பிள்ளைபோல அதைச் சொல்லிவிட்டு மறுபடி நின்றார். அடுத்த வரியைக் கொடுத்தாள். அதற்கும் அதே கதி.

வழக்கமாக இந்த இடத்தில் இவர் என்ன செய்வார் என்று யோசித்தாள். ஜன்னலைச் சாத்துவார். கொண்டி இறுகியிருக்கும், உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டுவார். அதற்குப் பிறகுதான் பேச்சு.

“அப்பா, காத்து அடிக்குது. அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்களேன்.”

அப்படியொரு வசனமே நாடகத்தில் இல்லை. இடி ஒரு நொடி விழித்தார். பிறகு வெறும் மேடையில் ஓரமாக நடந்து, இல்லாத ஜன்னல் கதவை இழுத்து, இல்லாத கொண்டியைத் தட்டினார். திரும்பும்போதே பேச்சு வந்துவிட்டது, மடை திறந்தாற்போல, கடைசி வார்த்தைவரை. சபையில் மூக்குறிஞ்சும் சத்தம்.

ஒப்பனை அறையில் அவர் முகத்தைக்கூடத் துடைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

“உங்கப்பனுக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சுது?” என்றார் மெதுவாக. அவருடைய தம்பிக்கு இப்போது சொந்த மகளையே அடையாளம் தெரியாது.

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். “நீங்க ஒண்ணும் கற்பனை பண்ணிக்காதீங்க பெரியப்பா. அப்பாவுக்கு நான் எதை எடுத்துக் காட்டினாலும் வரலை. பழைய போட்டோ, அவர் சட்டை, எதுவுமே. உங்களுக்குக் கையைத் தூக்கினதும் வந்துடுச்சே. வசனம் எங்கயும் போகலை. ஜன்னல்ல ஒட்டிக்கிட்டிருக்கு, அவ்வளவுதான்.”

“அப்ப அதைப் பிச்சு எடுக்கணும்ங்கிற.”

“ஆமா. எங்க நின்னாலும் வர்ற மாதிரி சொல்லிச் சொல்லிப் பாருங்க.”

அவர் அவள் தலையில் கையை வைத்து, கொஞ்ச நேரம் எடுக்காமலே இருந்தார்.

மறுநாளிலிருந்து பஸ்ஸில், காய்கறி நறுக்கும்போது, படுக்கையில் என்று கண்ட இடத்திலெல்லாம் அந்தப் பேச்சுதான். ஒரு நாள் குளியலறையிலிருந்து, “உன் அம்மா சாகலைம்மா, நான்தான் பொய் சொன்னேன்!” என்று முழங்கினார்.

வெளியிலிருந்து அவர் மனைவி கதவைத் தட்டினாள்.

“நான் சாகலைன்னு எனக்கே தெரியும். சீக்கிரம் வெளிய வாங்க, தண்ணி தீர்ந்துடப்போகுது.”