சிவப்பாகப் பூக்கும் மூன்று செடிகள்

மருத்துவமனைகளுக்கு வெள்ளைக் கோட்டு தைப்பது அவள் பிழைப்பு. இருபத்திரண்டு வருடம் மாடியில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்துவிட்டு, ஒருவழியாகச் சொந்த வீடு வாங்கியபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்று: வாசலில் சிவப்பாகப் பூக்கும் செடிகள்.

“ஒரு சீசன் பூத்துட்டு மண்டையப் போடுற செடி வேணாம்க்கா” என்றாள் நர்சரிக்காரியிடம். “ஒரு தடவை நட்டா வருஷா வருஷம் பூக்கணும்.”

“எல்லாம் சிவப்புதானே, ஏதாவது ஒண்ண எடேன்” என்று முனகினான் வேன் ஓட்டும் கணவன். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒவ்வொரு பூவையும் உள்ளங்கையில் ஏந்திப் பார்த்து, அடுக்குச் செம்பருத்தி, செவ்வரளி, கல்வாழை மூன்றையும் எடுத்தாள்.

“அரளி கல்லுலகூட வரும். அதுக்கு நான் பொறுப்பு” என்றாள் நர்சரிக்காரி.

நட்ட பத்தாம் நாள் செம்பருத்தி மொட்டோடு உதிர்ந்தது. தண்ணீர் அதிகமோ என்று குறைத்தாள். போதவில்லையோ என்று கூட்டினாள். கல்வாழை இலைகள் நெருப்பில் வாட்டியதுபோல் கருகின. அரளியும் பட்டுப்போனதும் கணவன் மண்வெட்டியை எடுத்து ஒரு முழம் தோண்டினான். கன்னங்கரேல் என்று மண். மூக்கில் ஏறும் நெடி. உடைந்த ஈயத் தகடுகள்.

பக்கத்து வீட்டுக்காரர் மதில் மேலாக எட்டிப் பார்த்தார். “பழைய பேட்டரி உடைச்ச இடமாச்சே, உங்ககிட்ட சொல்லலையா? முதல்ல கையக் கழுவுங்க.”

வீட்டை முடித்துக் கொடுத்த தரகர் போனை எடுக்கவே இல்லை. வீட்டை விற்கலாம் என்றால், பார்க்க வந்தவர்கள் விஷயம் தெரிந்ததும் நழுவினார்கள். “விசாரிக்காம அவசரப்பட்டு வாங்கிட்டேன்” என்று கணவன் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். அவனைத் திட்ட அவளுக்கு மனம் வரவில்லை.

அவள் மறுபடி நர்சரிக்குப் போனாள். நர்சரிக்காரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மறுப்பாகத் தலையாட்டினாள். “சாகும்னு தெரிஞ்சே எப்படிம்மா தருவேன்? தொட்டில வச்சுக்கோயேன்.”

“தொட்டி மாடியிலயே வச்சிருப்பேனேக்கா. தரையில நடணும்னுதானே வீடு வாங்கினேன்.”

அவள் வெறுங்கையோடு திரும்பினாள்.

அடுத்த வாரம் கொத்தனார் வந்தார். பட்ட செடிகளைப் பிடுங்கிப் போட்டு, வாசல் முழுக்க ஜல்லி பரப்பினார். சிமெண்டு கலக்கும்போது, “ஓரமா ஒரு செடிக்கு இடம் விடட்டுமா தங்கச்சி?” என்று கேட்டார்.

அவர் பிடுங்கிப் போட்டிருந்த அரளியை அவள் ஓரமாக ஒதுக்கினாள்.

“வேணாம்ணே. மொத்தமா மூடிருங்க.”