கூப்பிட்டால் திரும்பாதே

அந்த மாளிகையில் வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்குப் பதின்மூன்று வயது. ஒல்லியாய், துறுதுறுவென்று இருந்ததால் சமையல்கார அக்கா ‘குருவி’ என்று கூப்பிடப் போய், அதுவே பேராகிவிட்டது. எஜமானியின் ஒன்றரை வயது மகளைக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, மாடிக்கும் கீழுக்கும் இடுப்பில் சுமப்பது, தூங்கவைப்பது எல்லாம் அவள்தான்.

ஒரு நாள் கூடம் நிறைய விருந்தாளிகள். தாயின் மடியிலிருந்த பாப்பா, தட்டு எடுக்க வந்த குருவியைக் கண்டதும் இரண்டு கைகளையும் நீட்டி, “அம்மா!” என்றது.

எல்லோரும் சிரித்தார்கள். எஜமானியும் சிரித்தாள். வந்தவர்கள் கிளம்பியதும் குருவியை மாடிக்குக் கூப்பிட்டாள்.

“நீயா சொல்லிக் குடுத்தே?”

“ஐயோ, சத்தியமா இல்லீங்க மேடம். பாப்பாவாதான்...”

“இனிமே அம்மான்னு கூப்பிட்டா நீ திரும்பியே பாக்கக்கூடாது. நாலு நாள்ல தானா மறந்துடும்.”

அடுப்படியில் விஷயத்தைக் கேட்ட சமையல்கார அக்கா பெருமூச்சு விட்டாள். “வாயத் தொறக்காம சொன்னதச் செய்டி. தொரத்திட்டா எங்க போவே? உன் சித்தி வீட்டுக்குள்ள விடுவாளா?”

விடமாட்டாள். குருவிக்கு அது தெரியும்.

பாப்பா பாவாடையைப் பிடித்து இழுத்தது. “அம்மா, அம்மா” என்று முகத்தைப் பார்க்க இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுற்றிச் சுற்றி வந்தது. குருவி சுவரைப் பார்த்துக்கொண்டு துணி மடித்தாள்.

மூன்றாம் நாள் காலை, மாடிக் கூடத்தில் படுக்கை விரிப்புகளை உதறிக்கொண்டிருந்தாள். எஜமானியின் அறைக்கதவு திறந்திருந்தது. படிக்கட்டுப் பக்கமிருந்து, “அம்மா!”

திரும்பலாமா? ஒரு கணம்தான் தயங்கினாள். அதற்குள் தொப்பென்று சத்தம்.

பாப்பா நான்கு படி உருண்டிருந்தது. மோவாயில் மூன்று தையல்.

“புள்ள கூப்பிட்டது எனக்கே கேட்டுச்சு, உனக்குக் கேக்கலையா? கல்லு மாதிரி நின்னிருக்கே!” அடுப்படி வாசலில் வைத்து எஜமானி கத்தினாள்.

“நீங்கதானே மேடம் திரும்பக்கூடாதுன்னு...”

“எதிர்த்து வேற பேசுறியா?”

குருவி சமையல்கார அக்காவைப் பார்த்தாள். அக்கா பாத்திரத்தைக் கிளறுவதுபோல் முதுகைக் காட்டி நின்றாள்.

துரத்தவில்லை, அதையே பெரிய மனது என்றார்கள். வீட்டின் பின்புறம் துணி துவைக்கும் அறைக்கு மாற்றினார்கள். மாடிப்படியில் கால் வைக்கக்கூடாது.

மிஷின் ஓடும்வரை ஒன்றும் கேட்காது. நின்றால், மேலிருந்து பாப்பாவின் அழுகை இறங்கி வரும். குருவி அவசர அவசரமாக அடுத்த துணிகளைத் திணித்து, மறுபடி ஓடவிடுவாள்.