பாதை 4.0

அக்கா எழுதிய மென்பொருள் லைப்ரரிக்கு ஒரே ஒரு வேலைதான். பெயர்களையும் எண்களையும் கொடுத்தால், கோடும் கூட்டல் குறியுமாகக் கட்டம் போட்டு, பத்தி பிசகாமல் எழுத்தாலேயே ஓர் அட்டவணை வரைந்து தரும். அதை இணையத்தில் இலவசமாகப் போட்டு வைத்திருந்தாள். ஆபீஸில் அவளுக்குக் கட்டக்காரி என்றே பெயர். இலவசமாகக் கொடுத்தது தப்போ என்று அவளுக்குத் தோன்ற ஆரம்பித்து வெகுநாளாகிறது.

ஆயிரத்துக்குக் கமா வேண்டும் என்று ஒருவர் எழுதுவார். எங்கள் நாட்டில் கமா இருக்குமிடத்தில் புள்ளிதான் என்பார் இன்னொருவர். கழித்தல் எண்ணை அடைப்புக்குறிக்குள் போடு என்பார் மூன்றாமவர், நன்றி என்ற சொல்லைக்கூடச் செலவழிக்காமல். இவர்களையாவது கண்டுகொள்ளாமல் இருந்துவிடலாம். வீட்டுக்குள்ளேயே ஒருவன் இருந்தானே.

தம்பி நீச்சல் கோச். போட்டி முடிவுகளை அவள் லைப்ரரியைக் கொண்டுதான் அச்சடிப்பான்.

"ஒருத்திக்கு 29.87, ஒருத்திக்கு 31.4, இன்னொருத்திக்கு வெறும் 33. பல்லு போன சீப்பு மாதிரி இருக்குக்கா. எல்லாம் ஒரே மாதிரி வரட்டும்."

"எந்தப் பத்திக்கு எத்தனை தசமம்னு நீ சொல்லணும். அப்படி ஒரு வசதி பண்ணித் தரேன்."

"அதையெல்லாம் எவன் உக்காந்து சொல்லுவான்? தானா வரணும். ஒரு இடம் போதும்."

"தானா வந்தா தப்பா வரும்டா."

"செய்யத் தெரியலைன்னு சொல்லிட்டுப் போயேன்."

பல் விலக்கும்போது கேட்டான். சாப்பிடும்போது கேட்டான். அவள் குளியலறையில் இருந்தபோது கதவுக்கு வெளியே நின்று கேட்டான். கடைசியில், ஒழிந்து போ என்று செய்து கொடுத்தாள். எண் என்று எது வந்தாலும் ஒரு தசமம், ஆயிரத்துக்குக் கமா. யாரும் கேட்காமல், தானாக.

ஞாயிற்றுக்கிழமை தேர்வுப் போட்டி. அந்தப் பிரிவில் முதலில் வரும் பெண்ணுக்கு மட்டும் மாநில அணியில் இடம். தம்பி மீன்குஞ்சு என்று கூப்பிடும் அவன் மாணவி அதற்காகத்தான் விடியற்காலையில் எழுந்து கொண்டிருந்தாள். மதியம் அவனிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, லேப்டாப்பை எடுத்துக்கிட்டு உடனே வா. நடுவர் கையெழுத்துப் போட மாட்டேங்கிறார்."

நீச்சல் குளத்து அலுவலகத்தில் தரை முழுக்க ஈரக் காலடி. குளோரின் நெடி மூக்கில் ஏறியது. தலைமை நடுவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத் தாளை நீட்டினார்.

"இது என்னம்மா, பாதை 4.0? பாதி உடம்பை அடுத்த பாதையில விட்டு நீந்துறாங்களா?"

வயது 13.0. பெற்றோரின் போன் எண்களுக்கு நடுநடுவே கமா, கடைசியில் புள்ளி பூஜ்யம்.

"இவங்கப்பாவைக் கூப்பிடணும்னா போன்ல கமா எங்க இருக்குன்னு தேடணும்" என்றார் நடுவர். "அது போகட்டும். இதைப் பாருங்க. நாலாம் பாதை 31.4, அஞ்சாம் பாதை 31.4. சமம்னா விதிப்படி சீட்டுக் குலுக்கணும்."

காகிதத்தைக் கிழித்துத் தயாராகவே வைத்திருந்தார்.

"சமமா இருக்காது சார். கடிகாரம் குடுத்த நேரம் உள்ளே அப்படியே இருக்கு. இது காட்டுறப்போ சுருக்கிடுச்சு. கொஞ்சம் பொறுங்க."

ஈர நாற்காலியில் உட்கார்ந்தாள். தானாக நடப்பதை எல்லாம் எடுத்தாள். எண் வந்தது வந்தபடியே இருக்கட்டும். எந்தப் பத்திக்குத் தசமம் வேண்டுமோ அதை அச்சடிப்பவனே சொல்லட்டும். முதலிலேயே செய்திருக்க வேண்டியது. தம்பி அவள் தோளருகே குனிந்தான்.

"அக்கா, குலுக்குனா எம் புள்ளைக்குப் பாதி வாய்ப்பாவது இருக்கு."

அவள் விரல் நின்றது. "அப்போ உனக்குத் தெரியும்."

"சுவரைத் தொட்டப்போ பாத்துக்கிட்டுத்தானே நின்னேன். இருந்தாலும் அச்சுல சமம்னுதானே வந்திருக்கு."

"என் உயிரை வாங்கி நீ கேட்டதாலதான் அப்படி வந்திருக்கு."

அவனுடைய லேப்டாப்பில் புதுப் பதிப்பை ஏற்றி, மறுபடி அச்சடிக்கக் கொடுத்தாள். திரையில் ஒரு கேள்வி வந்து நின்றது.

"நேரப் பத்திக்கு எத்தனை இடம்? நீதான் சொல்லணும்" என்றாள்.

அவன் திரையைப் பார்த்தான். நடுவர் அவனைப் பார்த்தார். வெளியே மீன்குஞ்சு துண்டைப் போர்த்திக்கொண்டு, இன்னொரு பெண்ணோடு எதற்கோ சிரித்துக் கொண்டிருந்தாள். மீன்குஞ்சு நாலாம் பாதை. அஞ்சாம் பாதைக்காரி அந்தப் பெண்தான்.

"ரெண்டு" என்றான்.

தாள் வந்தது. அஞ்சாம் பாதை 31.38. நாலாம் பாதை 31.42. நடுவர் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிழித்த காகிதங்களைக் குப்பைக்கூடையில் போட்டார். தம்பியே தாளை எடுத்துப்போய் அறிவிப்புப் பலகையில் குத்தினான்.

மீன்குஞ்சு கட்டத்தின் மேல் விரலை வைத்து இரண்டு எண்களையும் மாறி மாறிப் பார்த்தாள். முகம் சுண்டிப் போயிற்று. "சுவர்ல திரும்புறப்போ தலையைத் தூக்குனேன் சார். இந்த வித்தியாசம் அதுதான்" என்றாள்.

"எத்தனை தடவை சொல்லியிருக்கேன்" என்றான் அவன். "போ, முதல்ல தலையைத் துவட்டு. நாளைக்குப் பயிற்சி திரும்புறது மட்டும்தான்."

கட்டக்காரி பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். வாசலைத் தாண்டுவதற்குள் போனில் ஒரு செய்தி. புதுப் பதிப்பில் கமாவைக் காணோம், உடனே சரிசெய்யவும். இதிலும் நன்றி இல்லை.

"எந்தப் பத்திக்கு?" என்று மட்டும் பதில் போட்டுவிட்டு நடந்தாள்.