மூன்றாம் பகுதியில் ஆழம் போதாது

டெல்பினின் ஆய்வு முன்மொழிவு இரண்டாவது தடவையும் திரும்பி வந்துவிட்டது. முதல் தடவை வந்தபோது, ஓரத்தில் இறையியல் கல்லூரி முதல்வர் பச்சை மையில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: "மூன்றாம் பகுதியில் ஆழம் போதாது." அவள் எழுதியிருந்ததே இரண்டு பகுதிதான். பெரியவர் சொன்னால் ஏதாவது இருக்கும் என்று, இல்லாத மூன்றாம் பகுதியை மெனக்கெட்டு எழுதிச் சேர்த்துக் கொடுத்தாள். இப்போது அதே பச்சை மையில் அதே வரி.

மாதக் கடைசிக்குள் தலைப்புக்கு ஒப்புதல் வாங்காவிட்டால் பதிவு ரத்து. பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு நாற்பத்துமூன்று வயதில் சேர்ந்த படிப்பு, அப்படியே மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"பாலக்கரைக் கத்தோலிக்கப் பொண்ணு, குடியிருக்கறது ஸ்ரீரங்கத்துல, படிக்கறது மெத்தடிஸ்ட் சபை சரித்திரம்" என்றான் கணவன் பிரிட்டோ, இட்லியைப் பிட்டுக்கொண்டே. "இன்னும் யாரைத்தான் விட்டு வச்சிருக்கே? விட்டுடேன்."

"விடறதா? இன்னிக்கு நேர்ல போய்க் கேக்கறேன்."

அவளைப் பிடித்துக்கொண்டது ஒரே ஒரு பழைய வழக்கம். மெத்தடிஸ்டுகள் ஆரம்ப காலத்தில் இங்கிலாந்தில் 'வகுப்புக் கூட்டம்' என்று வாராவாரம் பத்துப் பன்னிரண்டு பேராகக் கூடுவார்கள். சுரங்கத்தில் நிலக்கரி வெட்டுகிறவன், துணி வெளுக்கிறவள், செருப்புத் தைக்கிறவன் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து, "இந்த வாரம் உன் ஆத்துமா எப்படி இருக்கு?" என்று ஒவ்வொருவரையும் கேட்பார்கள். கேட்கிற தலைவர் முதலில் தன் கதையைச் சொல்லியாக வேண்டும். சின்ன வயதிலிருந்து மரத்தடுப்புக்குப் பின்னால் முகம் தெரியாத சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்து வளர்ந்தவளுக்கு, தடுப்பே இல்லாமல் முகத்தைப் பார்த்துச் சொல்வது என்பது தூக்கிவாரிப் போட்டது. அதைத்தான் ஆராய வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டும்போது கேள்விகளை ஒத்திகை பார்த்தாள். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி வேறு பஸ் பிடித்துக் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தபோது கேள்வி எல்லாம் கோபமாகிவிட்டிருந்தது.

பாதிரியாரான முதல்வர் அருள்நாதன் ஐயரின் பெயர்ப்பலகை, பட்டங்களுக்கு இடம் போதாமல் கதவைத் தாண்டிச் சுவருக்குப் போயிருந்தது.

"சிஸ்டர், நான் ஒரு நல்ல தலைப்பு சொல்றேன்" என்றார் அவர். "நம் கல்லூரியின் வளர்ச்சியில் முதல்வர்களின் பங்கு. ஆறு அதிகாரம். ஆறு முதல்வர்கள்." ஆறாவது முதல்வர் யார் என்பதை அடக்கம் கருதிச் சொல்லவில்லை.

"எனக்கு வகுப்புக் கூட்டம்தான் வேணும் ஐயா."

"அது செத்துப்போன வழக்கம்மா. இந்தக் காலத்துல யாரு வட்டமா உட்கார்ந்து உள்ளதைச் சொல்லுவா? உயிரோட இருக்குன்னு காட்டுங்க, பார்ப்போம்."

"காட்டறேன். வர்ற வியாழக்கிழமை சாயங்காலம். நூலகத்துக்குப் பக்கத்து ரூம்ல. நீங்களும் வரணும்."

பத்து நாற்காலியும் ஒரு அறையும் கேட்டு, அலுவலக மேலாளர் ஆசீரிடம் சொல்லிவிட்டுப் போனாள். அவள் செய்த தப்பு அதுதான். நாலு நாற்காலியைச் சேர்த்துப் பார்த்தால் ஆசீருக்கு மேடை போடாமல் இருக்க முடியாது. வியாழக்கிழமை வந்து பார்த்தால், கூட்டம் பெரிய ஹாலுக்கு மாறியிருந்தது. வாசலில் ஃப்ளெக்ஸ்: 'வகுப்புக் கூட்டத் தொடக்க விழா'. அதில் மெத்தடிஸ்ட் சபையைத் தொடங்கிய ஜான் வெஸ்லி ஒரு மூலையில் தபால்தலை அளவுக்கு இருந்தார். முதல்வர் ஆளுயரத்துக்கு இருந்தார்.

வரவேற்புரை, தலைமையுரை, ஓய்வுபெற்ற துணை கலெக்டர் ஒருவரின் சிறப்புரை. எளிமையைப் பற்றிப் பேசிய அவருக்குச் சரிகைப் பொன்னாடை. பொன்னாடை போட்ட முதல்வருக்கு இன்னொரு பொன்னாடை. கூடிப் பேச வந்த மாணவர்களுக்குக் கை தட்டித் தட்டிச் சிவந்து போனது. நன்றியுரையில் ஆசீர் ஃப்ளெக்ஸ் கடைக்காரர் வரைக்கும் நன்றி சொன்னார். சிறப்பு விருந்தினர் இன்னொரு பொன்னாடைக்கு நேரமாகிவிட்டதென்று காரேறினார்.

எல்லாரும் சமோசாவை நோக்கி எழுந்தார்கள். டெல்பின் முந்திக்கொண்டாள். சமோசாத் தட்டைத் தூக்கி ஹால் நடுவில் ஒரு ஸ்டூல் மேல் வைத்தாள். அதைச் சுற்றி நாற்காலிகளை வட்டமாக இழுத்துப் போட்டாள்.

"என்னம்மா இது?" ஆசீர் பதறினார். "நன்றியுரை சொல்லியாச்சுங்களே, கூட்டம் முடிஞ்சுது."

"விழா முடிஞ்சுது. கூட்டம் இப்பதாங்க ஆரம்பம். உட்காருங்க."

"சமோசா ஆறிடும்."

"சீக்கிரம் உட்கார்ந்தா சூடாச் சாப்பிடலாம்."

பாதிப் பேர் நழுவிவிட்டார்கள். உடன் படிக்கும் லிசியும் வேறு சிலரும் உட்கார்ந்தார்கள். முதல்வர் நிற்பதைப் பார்த்து ஆசீரும் நின்றார். முதல்வர் உட்கார்ந்ததும் அவரும் உட்கார்ந்தார்.

"தலைவர் முதல்ல சொல்லணும்கறது வழக்கம். அதனால நான் சொல்றேன்." டெல்பின் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். "இந்த வாரம் என் ஆத்துமா நல்லா இல்லை. காவிரிக் காத்து ஒரு வீச்சு வீசி, அந்த பேனர் கழண்டு ஐயா தலையில விழணும்னு ஆசைப்பட்டேன். ஜெபம்னே வச்சுக்கலாம். கூட்டம் நல்லா நடக்கணும்னு அந்த அளவுக்கு ஜெபிக்கலை."

லிசிக்குச் சிரிப்பு பீறிட்டது. வேறு யாருக்கும் சிரிக்கத் தைரியமில்லை.

"நான் சொல்றேன்" என்றாள் லிசி, சிரிப்பை அடக்கி. "அம்மா போன் பண்ணா எடுக்கறதில்லை. படிக்கிறேன்னு மெசேஜ் போடறேன். படிக்கறதில்லை."

ஆசீர் நெளிந்தார். "ஐயா படத்தைப் பெரிசாப் போடச் சொல்லி அவர் சொல்லலைங்க. நானா போட்டேன். இன்னும் ரெண்டு வருஷம் வேலை நீட்டிப்பு கேக்கணும்."

முதல்வரின் முறை வந்தது. அவர் தொண்டையைச் செருமினார். "ஆத்துமா என்ற சொல்லுக்கு எபிரேய மூலத்திலே..."

"பொதுவா ஆத்துமா இல்லைங்க ஐயா" என்றாள் டெல்பின். "உங்களது. இந்த வாரம்."

 அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பொன்னாடையில் துடைத்ததால் சரிகை கீறியது. துடைப்பதை நிறுத்தினார்.

"உங்க முன்மொழிவை நான் வாசிக்கலை" என்றார். குரலில் மேடை இல்லை. "ரெண்டு தடவையும். தலைப்பு பிடிக்கலை. எல்லாருக்கும் எழுதற வரியை எழுதி அனுப்பிட்டேன்." கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "வாசிச்சே ரொம்ப நாளாச்சும்மா. யாரோடதையும்" என்றார்.

டெல்பினுக்கு, இல்லாத மூன்றாம் பகுதிக்காகச் செலவழித்த வாரம் கண்முன் வந்துபோனது. கத்தியிருக்கலாம். வட்டத்தில் அதற்கு இடமில்லை.

"இங்க பேசினது வெளியில போகக் கூடாது" என்றாள். "சமோசா எடுத்துக்குங்க."

கலையும்போது முதல்வர் அவளிடம் வந்தார். "நாளைக்கே கையெழுத்துப் போட்டுத் தந்துடறேன்."

"வாசிச்சுட்டுப் போடுங்க ஐயா. வாசிக்காமப் போட்டா, அடுத்த வியாழக்கிழமை அதையும் சொல்ல வேண்டியிருக்கும்."

வீட்டில் பிரிட்டோ கேட்டான்: "என்ன சொன்னாரு மனுஷன்?"

"சொல்லக் கூடாது."

"ஒப்புதல் உண்டா இல்லையா, அதையாவது சொல்லு."

"தெரியாது. ஆனா கூட்டம் உயிரோட இருக்கு."

அடுத்த வியாழக்கிழமை காலையில் முன்மொழிவு வந்தது. பக்கத்துக்குப் பக்கம் பச்சை மை. ஒரு ஆண்டு தப்பு. ஒரு மேற்கோளுக்கு மூலம் இல்லை. ஓரிடத்தில் 'இது ஆராய்ச்சி இல்லை, வெறும் ஆசை' என்று ஒரு குத்து. கடைசிப் பக்கத்தில்: "மூன்றாம் பகுதி எதற்கென்றே புரியவில்லை. முழுவதும் நீக்குக. மற்றதற்கு ஒப்புதல்." கீழே கையெழுத்து, பட்டங்கள் இல்லாமல்.

டெல்பின் மூன்றாம் பகுதியை உருவியெடுத்துக் குப்பைக்கூடையில் போட்டாள். சாயங்காலம் நாற்காலி போட வேண்டியிருந்தது. இந்தத் தடவை ஆசீரிடம் கேட்காமல் தானே போட்டாள்.