தோல் மூடட்டும்

ஆக்னஸ், புருஷன் அம்புரோஸின் வலப்பக்கக் கழுத்தைச் சவரக்கத்தியால் மெல்ல மழித்தாள். வாசலில் நின்ற நாத்தி அந்தோணியம்மாள் அவசரப்படுத்தினாள்.

"ஏளா, அவஸ்தைப்பூசுதலுக்குப் பங்குச் சாமியார் கெளம்பிட்டாரு. என் தம்பிக்கு இந்த அழகு போதும்."

"ஒரு பக்கம் முடிஞ்சிட்டு மைனி."

இடப்பக்கம் கத்தி வைக்க இடமில்லை. காதுக்குக் கீழே கட்டி, தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு பளபளத்தது. அம்புரோஸின் மூச்சு அதைச் சுற்றிக்கொண்டு வருவதுபோல் இரைந்தது.

போன வருஷம் மதுரை ஆஸ்பத்திரியில் கழுத்தின் இரண்டு பக்கமும் ஊதா மையால் கட்டம் போட்டு, பெரிய மெஷினுக்குக் கீழே படுக்கவைத்துப் புற்றுக்குக் கதிர்வீச்சுக் கரண்ட் வைத்தார்கள். கட்டி கரைந்துகொண்டே வந்தது. கூடவே கட்டத்துக்குள் தாடி உதிர்ந்தது; தோல் கறுத்து உரிந்தது. ஆக்னஸ் பயந்துபோய் டாக்டரைக் கேட்டாள்.

"நல்ல சதையும் சேர்ந்துதாம்மா வேகும். ஆனா நல்லது சீக்கிரம் தன்னைச் சரிபண்ணிக்கும். கெட்டதுக்கு அது லேசுல முடியாது. நடுவுல விட்டா அதுவும் மூச்சு வாங்கிக்கும். விட்றாதீங்க."

அவள் சங்கு குளிக்கிறவனின் பெண்டாட்டி. பாறை கிழித்த காயத்தில் தோல் மூடாமல் யாரும் கடலில் இறங்குவதில்லை. புருஷனை எத்தனையோ தடவை அப்படித்தான் கரையில் பிடித்து வைத்திருக்கிறாள்.

"தோல் மூடட்டும், பெறவு வருவோம்" என்று பாதியிலேயே அவனைத் தூத்துக்குடி பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிவந்தாள்.

தோல் மூடியது. தாடி முளைத்தது. குரல்கூடத் தெளிந்தது. புது ஹார்பரில் வேலைக்குச் சேரப்போவதாக அம்புரோஸ் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தான். மதுரைப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. ஐப்பசி மழையோடு கட்டி திரும்பி வந்தபோது, முன்னைவிடக் கெட்டியாக வந்தது.

சாமியார் நெற்றியில் எண்ணெய் பூசிக்கொண்டிருக்கையில் அம்புரோஸ் அவள் சேலைத் தலைப்பைப் பற்றி வெடுக்கென்று இழுத்தான். கடலடியிலிருந்து கயிற்றை இழுக்கிற இழுப்பு.

"தூக்கச் சொல்லுதான்ளா" என்றாள் அந்தோணியம்மாள்.

இருவருமாகத் தூக்கி உட்காரவைத்தார்கள். இரைச்சல் நின்றிருந்தது.

மாலையில் வெள்ளைச் சட்டை போட்டுப் பெட்டியில் கிடத்தினார்கள். அந்தோணியம்மாள் ஒரு கைக்குட்டையை நீட்டினாள்.

"அந்தக் கட்டிய மறைச்சு விடுளா. பிள்ளைக பயப்படும்."

ஆக்னஸ் வாங்கிக்கொண்டு வலப்பக்கம் போனாள். காலையில் அவள் மழித்த கழுத்து, மதுரையில் கறுத்து உரிந்த அதே இடம், அவள் காத்திருந்தபடியே மூடி, வடு இல்லாமல், பச்சைப்பிள்ளையின் தோல்போல இருந்தது. அதன்மேல் கைக்குட்டையை விரித்தாள். காலரைத் தூக்கிவிட்டாள்.

"கட்டி அந்தப் பக்கம்லா இருக்கு."

ஆக்னஸ் காலர் பொத்தானை மாட்டிக்கொண்டிருந்தாள்.