நீலக் காரின் மூக்கு

பல் டாக்டர் நாற்பது வருடம் அடுத்தவர் வாயைப் பார்த்தே பிழைத்தவர். ஓய்வு பெற்றதும் ஒரு வானநீலக் கார் வாங்கினார். அந்த நீலத்தைத் தேர்ந்தெடுக்க அவர் எடுத்துக்கொண்ட நாட்களில் ஒரு நாடு அரசியல் சட்டமே எழுதி முடித்திருக்கும். மூன்று மாதமாகியும் காரில் ஒரு கீறல் இல்லை. ஈ வந்து உட்கார்ந்தால்கூட, காலைத் துடைத்தாயா என்று கேட்பதுபோல் முறைப்பார்.

அவர் மனைவி முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். ஐம்பதைத் தாண்ட முடியாதபடி வேகத்துக்குப் பூட்டுப் போட்ட பஸ். அந்த அம்மா ஓய்வு பெற்ற அன்று டாக்டர் தாராளமாக வாயை விட்டுவிட்டார்.

"உனக்கு என்ன வேணும், கேளு."

"நம்ம கார ரேஸ் டிராக்ல ஒரு நாள் ஓட்டணும்ங்க."

சொன்ன வாயை அடைக்க வழியில்லை. விசாரித்ததில், டிராக்கில் பெயிண்டுக்கு எமன் முன்னால் போகிற கார்தான் என்று தெரிந்தது. அதன் சக்கரம் வாரி இறைக்கும் பொடிக்கல்லும் சூடான ரப்பர் துணுக்கும் பின்னால் வருகிறவன் மூக்கைப் பதம் பார்த்துவிடும். கண்ணாடி மாதிரி ஒரு படலம் ஒட்டித் தருகிறவர், "அடுத்த மாசம் வாங்க" என்றார். ஓட்டப் போவதோ நாளைக்கு.

அதனால் டாக்டரே களத்தில் இறங்கினார். காரைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, பசை ஒட்டாமல் உரிந்து வரும் பெயிண்டர் டேப்பை பம்பர், பானெட் விளிம்பு, விளக்கு, பக்கக் கண்ணாடி என்று ஒட்டினார். காற்று புகுந்து கிளப்பிவிடாமல் இருக்க, மீன் செதில்போல ஒவ்வொரு முன் பட்டையும் பின் பட்டையின் மேல் ஏறியது. அவர் ஒட்டிய டேப்பை நீட்டிப் பிடித்தால் நிலாவுக்குப் போய்த் திரும்பியிருக்கலாம்.

மறுநாள் காலை டிராக்கில் மனைவியின் தம்பி தன் காரோடு முதல் ஆளாக நின்றிருந்தான். பக்கத்து சீட்டில் அவன் பெண்டாட்டி.

"என்ன அத்தான், காருக்குப் பல்வலியா? தாடையில கட்டு போட்டிருக்கீங்க."

"உன் கார் பின்னாடி வரணுமே மச்சான். அதுக்குத்தான்."

கொடிக்காரர் விதியைச் சொன்னார். ஜன்னல் திறந்திருக்க வேண்டும். முன்னால் போகிறவர் ஜன்னல் வழியே கை நீட்டி, இந்தப் பக்கமாகப் போ என்று காட்டினாலொழிய யாரும் முந்தக் கூடாது.

ஏழு கார்கள். மச்சான் முதலில், நீலக் கார் இரண்டாவது; ஸ்டியரிங்கில் மனைவி, பக்கத்தில் டாக்டர். கடைசி சீட்டுக்காரரின் தூக்கம் கலையாமல் வளைவு எடுத்துப் பழகிய கை, வெண்ணெயில் கத்தி போவதுபோல் வளைந்து வளைந்து போய் மச்சான் வாலைப் பிடித்துவிட்டது. மச்சானோ ஒவ்வொரு வளைவிலும் ஓரத்து ஜல்லியில் இரண்டு சக்கரத்தை இறக்கி ஏற்றினான்.

டொக்.

"ஒண்ணு," என்றார் டாக்டர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு.

டொக். டொக்.

"மெதுவாப் போயேன். இடைவெளி விடு."

"விடலாம்ங்க. ஆனா பின்னாடி அஞ்சு பேர் வால்ல வராங்க. மெதுவாப் போனா கை காட்டி விடணும். அப்புறம் ஆறு பேரும் சேர்ந்து நம்ம மேல கல்லு போடுவாங்க. பரவாயில்லையா?"

டாக்டர் கணக்குப் போட்டார். ஆறு காருக்கு இருபத்து நாலு சக்கரம். வியர்த்தது. ஒன்பதாவது கல் விழுந்தபோது, ஏணியில் ஏறவே மூன்று பேரைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிற அந்த மனிதர் சொன்னார்:

"முந்திடு."

"உங்க மச்சான் கை நீட்ட மாட்டேங்குறானே."

மச்சான் ஸ்டியரிங்கைப் புதையலைப் பிடித்ததுபோல் பிடித்திருந்தான். பத்து. பதினொன்று. டாக்டருக்கு மானம் மரியாதை எல்லாம் காற்றில் போயிற்று. ஜன்னல் பக்கம் திரும்பி, முன் காரின் பக்கக் கண்ணாடியில் தெரிந்த முகத்தைப் பார்த்து, இரண்டு கையையும் கூப்பினார். ஹெல்மெட்டோடு குனிந்தும் காட்டினார்.

நேர் சாலை வந்தது. முன் காரிலிருந்து ஒரு கை நீண்டது. வளையல் போட்ட கை. இந்தப் பக்கமாக வாங்க என்று ஒய்யாரமாக வீசிக் காட்டியது.

டிரைவரம்மா முப்பது வருடமாகத் தேக்கி வைத்திருந்ததை ஒரே மிதியில் இறக்கினார். நீலக் கார் ஓரத்தை உரசிக்கொண்டு பறந்தது. முன்னால் காலியான சாலை. கல் இல்லை, ரப்பர் இல்லை.

"இப்படியே போ," என்றார் டாக்டர். "எவனையும் முன்னால விடாத."

ஓட்டம் முடிந்ததும் மச்சான் கொடிக்காரரிடம் பஞ்சாயத்து வைத்தான். "டிரைவர் நான் கை காட்டவே இல்லையே."

"அந்த வண்டியிலேர்ந்து கை வந்துது. யாரோட கைன்னு விதியில இல்ல சார்."

மச்சான் பெண்டாட்டி பக்கம் திரும்பினான். "நீயே காலை வாரிட்டியே."

"அண்ணன் கும்பிட்டுக் கேட்டாரு. நீங்க என்னிக்காவது என்னைக் கும்பிட்டுக் கேட்டிருக்கீங்களா?"

காரின் சூடு தணியும்வரை காத்திருந்து, டாக்டர் டேப்பை மெல்ல மெல்ல உரித்தார். டேப்பில் பதினொரு காயம். அடியில் நீலம், கடையில் பார்த்த அதே நீலம். அவருக்கு உயிர் வந்தது. காரைச் சுற்றி வந்தார். பின் சக்கரத்துக்கு முன்னால், டேப்பே ஒட்டாத இடத்தில், கடுகளவு பெயிண்ட் பெயர்ந்திருந்தது.

டிரைவரம்மா பக்கத்தில் வந்து நின்றார். "முந்தறப்போ நம்ம முன் சக்கரம் ஓரத்துல இறங்கிடுச்சுங்க. அது தெறிச்ச கல்லாத்தான் இருக்கும்."

டாக்டர் மண்டியிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். பூமி சுற்றுவதை நிறுத்திக் காத்திருந்தது.

"அப்போ இது அவன் போட்ட கல்லு இல்ல."

"இல்லைங்க. நம்மளுது."

"அவனை முந்தினப்போ விழுந்தது."

"ஆமாங்க."

டாக்டர் எழுந்து முழங்காலைத் தட்டினார். "மச்சான், கொஞ்சம் இங்க வா. ஒண்ணு காட்டணும்."

மச்சானுக்குக் காட்டினார். கொடிக்காரருக்குக் காட்டினார். மற்ற ஐந்து கார்க்காரர்களையும் வரிசையாகக் குனிய வைத்தார். சாயங்காலத்துக்குள் அந்தக் கடுகைப் பார்க்காதவர் அங்கே ஒருவரும் இல்லை. தண்ணீர் லாரி கொண்டு வந்தவரைக்கூட, "ரெண்டு நிமிஷம்தான், இறங்கி வாங்க" என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்.